நாவலோடைப் பள்ளி முன்னேறிய கதை

ஒரு காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. இருந்தது என்றால், பெயர்ப்பலகை முழுசாக இருந்தது. கூரை பாதி இருந்தது. சுவர், மழை எந்தப் பக்கம் அடிக்காதோ அந்தப் பக்கம் மட்டும் இருந்தது. 'அரசு தொடக்கப் பள்ளி, நாவலோடை' என்று பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். ஓடைக்கரைச் சேற்றை மிதித்துத்தான் பள்ளிக்குப் போக வேண்டும். வேறு வழி கிடையாது.

அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் செங்கமலம் டீச்சர். அவர் ஓர் அலங்கு. எறும்புதின்னி என்று சொன்னால் எல்லாருக்கும் சட்டென்று புரியும். ஆனால் டீச்சருக்கு அந்தப் பெயர் பிடிக்காது. உடம்பு முழுக்க ஓடு ஓடாகச் செதில். மனசு மட்டும் மெத்து. பயம் வந்தால் தலையை வயிற்றுக்குள் செருகி, வாலைச் சுற்றிப் போட்டுப் பந்தாகிவிடுவார். மேலதிகாரியைக் கண்டால் அவருக்குப் பயம் வரும். மேலதிகாரியிடமிருந்து ஆள் வந்தாலும் வரும். ஆகவே அவருடைய பணிக்காலத்தில் பெரும்பகுதி உருண்டையாகவே கழிந்தது. தலைமையாசிரியர் அவர்தான், உதவி ஆசிரியரும் அவர்தான், மணி அடிப்பதும் அவர்தான்.

காட்டுப் பள்ளிகளில் பாடம் ஒன்றே ஒன்று: தடம் வாசித்தல். மண்ணில் பதிந்த காலைப் பார்த்து, போனது யார், எந்தப் பக்கம் போனது, போய் எவ்வளவு நேரமாயிற்று, பசியோடு போனதா, வயிறு நிறைந்து போனதா என்று சொல்லத் தெரிய வேண்டும். தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம். தெரியாத பிள்ளையின் பெயரை அடுத்த வருஷம் கூப்பிட வேண்டியிருக்காது.

நாவலோடைப் பிள்ளைகளுக்கு அது தெரியவில்லை. வள்ளிமயில் என்று ஒரு முயல் குட்டி. பெயரில்தான் மயில், ஆள் சுத்தமான முயல். அவள் ஒருநாள் சிறுத்தையின் தடத்தைப் பார்த்து, 'யாரோ பெரிய பூனை அத்தை ஊருக்கு வந்திருக்காங்க' என்று பலகாரம் கிடைக்கும் நினைப்பில் பின்னாலேயே போய்விட்டாள். உயிர் தப்பியது. வால் தப்பவில்லை. முயலுக்கு வால் என்று பிரமாதமாக ஒன்றும் இல்லையென்றாலும் போனது போனதுதானே?

இதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. டீச்சரைச் சொல்லலாம் என்றால், அவர் பள்ளியில் இருந்தால்தானே! ஒருநாள் கரும்பலகையில் ஒரு கால் வரைவார். மறுநாளே எறும்புக் கணக்கெடுப்புக்கு வரச்சொல்லி ஆள் வந்துவிடும். எறும்புக் கணக்கெடுப்புக்கு அலங்கை அனுப்பலாம் என்பது யாருடைய யோசனையோ தெரியவில்லை. எண்ணிக்கை வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தது. ஏன் என்று கேட்பாரில்லை. அது முடிந்தால் ராஜாவின் பிறந்தநாள் ஊர்வலம். அதுவும் முடிந்தால் குரங்குகளுக்குச் சொட்டு மருந்து. எல்லாம் முடிந்து திரும்பி வந்து பார்த்தால், பலகையில் வரைந்த காலை மழை அழித்திருக்கும். டீச்சர் பெருமூச்சு விட்டு மறுபடி முதல் விரலிலிருந்து தொடங்குவார்.

இப்படி இருக்கையில் ஒருநாள் வட்டாரக் கல்வி அலுவலர் ஏகாம்பரம் வந்தார். அவர் ஒரு காட்டுப்பன்றி. கெட்டவர் இல்லை. களைத்துப் போனவர். அவர் நிழல் வாசலில் விழுந்ததுமே டீச்சர் உருண்டுவிட்டார்.

"டீச்சர், எந்திரிங்க. இப்படிக் கிடந்தா நான் யார்கிட்ட பேசுறது?"

"சொல்லுங்க சார், கேக்குது" என்றது பந்து.

"தரவரிசையில காட்டுலயே கடைசிப் பள்ளி உங்களுதுன்னு வந்திருச்சு. இனிமே ரெண்டு வழிதான். ஒண்ணு, ஆத்துக்கு அக்கரையில இருக்கிற பள்ளியோட உங்க பள்ளியை இணைச்சிருவாங்க."

பந்து கொஞ்சம் அவிழ்ந்தது. "பிள்ளைங்க எப்படி சார் ஆத்தைத் தாண்டும்? முதலை கிடக்கே!"

"முதலைகிட்டயும் கருத்துக் கேட்டாங்க டீச்சர். இணைப்பை மனசார வரவேற்கிறதாச் சொல்லியிருக்கு."

டீச்சர் முழுசாக அவிழ்ந்து எழுந்து உட்கார்ந்தார். பிள்ளைகளைப் பற்றிய பேச்சு என்றால் மட்டும் அவருக்குப் பந்தாக மறந்துபோகும். "ரெண்டாவது வழி என்ன சார்?"

"வெளியிலேருந்து ஒரு அறக்கட்டளை வருது. பள்ளியை அவங்க கையில கொடுத்தா முன்னேத்தித் தருவாங்களாம்."

"எப்படி சார் முன்னேத்துவாங்க?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது டீச்சர். சீக்கிரமா முன்னேத்துவாங்களாம். சரின்னு சொல்லிருங்க."

டீச்சர் ஓடைப் பக்கம் பார்த்தார். கரையில் பிள்ளைகள் சேற்றை வாரி ஒருவர்மேல் ஒருவர் அடித்துக்கொண்டிருந்தார்கள். "சரி சார்" என்றார்.

'புதுக்குளம்பு அறக்கட்டளை' வந்து இறங்கியது. அதன் தலைவி மந்தாகினி மேடம் ஒரு பூநாரை. காட்டுக்கு வெளியே, உப்பேரியில் இருப்பவர். குளம்பு என்பது அவர் காலில் இல்லை, அறக்கட்டளையின் பெயரில்தான். கூட ஓர் ஒட்டகம் வந்தது. அது மதிப்பீட்டு நிபுணர். கழுத்தில் கேமராவோடு ஒரு வாத்தும் வந்தது. மேடத்துக்கு நன்றாகப் பறக்க வரும். ஆனால் அறக்கட்டளையின் கொள்கை 'மண்ணில் கால் பதிப்போம்' என்பதால் சேற்றில் நடந்தே வந்தார்.

வந்தவர் ஒற்றைக் காலில் நின்று பள்ளியை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இதைப் பின்தங்கிய பள்ளின்னு யார் சொன்னது? இது இன்னும் கிளம்பாத பள்ளி. அவ்வளவுதான்!"

வாத்து படம் எடுத்தது. டீச்சருக்கு அந்த வார்த்தை ஆறுதலாகத்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் பள்ளியைப் பற்றி யாரும் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

பிறகு சீர்திருத்தம் ஆரம்பமாயிற்று. அன்றுமுதல் பிள்ளைகளைப் பிள்ளைகள் என்று சொல்லக் கூடாது, 'பயணிகள்' என்று சொல்ல வேண்டும். டீச்சர் 'வழித்துணை' ஆனார். தடம் வாசித்தல் 'நிலத்தோடு ஓர் உரையாடல்' ஆயிற்று. கூரையில்லாத பாதிக்குத் 'திறந்தவெளி வகுப்பறை' என்று பெயர் சூட்டினார்கள்; அதோடு கூரை போடும் பேச்சு முடிந்துபோயிற்று. இருந்த சுவரில் புன்னகைக்கும் சிங்கம் ஒன்றை வரைந்தார்கள்.

அப்புறம் ஸ்மார்ட் போர்டு வந்தது. பெரிய கருங்கல் பலகை. அதன்மேல் பழக்கிய மின்மினிகள். ஒரு தட்டுத் தட்டினால் மின்மினிகள் கூடி அழகான எழுத்தாக நிற்கும், இருட்டாக இருந்தால். பள்ளி நடப்பது பகலில். பகல் முழுக்க மின்மினிகள் பலகையிலேயே குறட்டை விட்டன. டீச்சர் தயங்கித் தயங்கி ஒட்டகத்திடம் போய்ச் சொன்னார்.

"பலகையில கோளாறு ஒண்ணும் இல்லைங்க" என்றது ஒட்டகம். "கோளாறு பகல்லதான் இருக்கு. மேலிடத்துக்குத் தெரியப்படுத்தியிருக்கோம்."

டீச்சருக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். 'பயணிகளோடு அதிக நேரம் செலவிடுவது எப்படி' என்று ஒரு பயிற்சி. அதற்காக அவர் பிள்ளைகளை விட்டுவிட்டு உப்பேரிக்குப் போய் அங்கேயே தங்க வேண்டியிருந்தது. வந்து மூச்சு விடுவதற்குள், முதல் பயிற்சியை மறக்காமலிருப்பது எப்படி என்று அடுத்த பயிற்சி.

பிள்ளைகளின் பாடு இன்னும் மோசம். மேடமும் கூட்டமும் அடிக்கடி பார்வையிட வந்தார்கள். சேற்றைத் தாண்டியதும் நேரே பள்ளிக்குள் வரமாட்டார்கள். மருத மர நிழலில் கால் கழுவி, டீ குடித்து, எல்லாரும் வந்து சேர்ந்த பிறகு வரவேற்புப் பாட்டுக்கு ஒன்றாக நுழைவார்கள். அதுவரை பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நிற்க வேண்டும். நுழைந்ததும் பாட வேண்டும். வாத்தின் படத்தில் கூட்டம் சரியாக அமையாவிட்டால் மறுபடி பாட வேண்டும். பார்வையிட்டு முடிந்த பிறகுதான் மதியச் சாப்பாடு. நடுவில் ஒட்டகம் ஒவ்வொரு பிள்ளையின் முன்னாலும் இலைகளைப் பரப்பி, "உங்க மகிழ்ச்சிக்கு எத்தனை இலை?" என்று கேட்கும். பசியில் இருந்த கேளையாட்டு மான்குட்டி ஒன்று எல்லா இலையையும் தின்றுவிட்டது. 'மகிழ்ச்சி முழுமையாக உள்வாங்கப்பட்டது' என்று ஒட்டகம் குறித்துக்கொண்டது.

ஒருநாள் காலையில் டீச்சர் பயிற்சி முடிந்து மூட்டையோடு நேராகப் பள்ளிக்கு வந்தார். உள்ளே மந்தாகினி மேடம் நின்றிருந்தார். ஒட்டகமும் வாத்தும் நின்றிருந்தன. பிள்ளைகளில் ஒரு குஞ்சு குளுவானைக்கூடக் காணோம்.

"வழித்துணை அவர்களே, பயணிகள் எங்கே?" என்றார் மேடம்.

டீச்சரின் முதுகு தானாக வளைய ஆரம்பித்தது. பிள்ளையில்லாத பள்ளியை ஒரே நாளில் மூடிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். முதலையின் வாய் கண்முன் வந்தது. "வந்து... வெளியில... உரையாடிக்கிட்டு இருக்காங்க" என்று சொல்லிவிட்டு உருண்டார்.

ஒட்டகம் காலி இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து எதையோ எழுதியது. வாத்து படம் எடுத்தது. யாரும் குறுக்கே ஓடாததால் படம் நன்றாக வந்தது. எல்லாரும் போய்விட்டார்கள்.

அவர்கள் ஓடையைத் தாண்டிய பிறகு, பள்ளிக்குப் பின்னாலிருந்த காரைப் புதர் சலசலத்தது. பெரிய முள்புதர், பெரிய மிருகம் எதுவும் நுழைய முடியாது. அதற்குள்ளிருந்து வள்ளிமயில் தலையை நீட்டினாள். பின்னாலேயே மொத்தப் பள்ளியும் வந்தது.

டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உயிரோடு கோபமும் வந்தது. "ஏண்டி, உங்களுக்கெல்லாம் அறிவு இருக்கா? பள்ளியை மூடிட்டா ஆத்தைத் தாண்டணுமே, அது தெரியுமா உங்களுக்கு?"

"வெயில்ல நிக்க முடியலை டீச்சர்" என்றாள் வள்ளிமயில். "பசிக்குது. நீங்களும் இல்லை."

அந்தக் கடைசி வார்த்தையில் டீச்சரின் கோபம் பாதி இறங்கிப்போயிற்று. "அது சரி, அவங்க வர்றாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை டீச்சர். சேத்துல இருந்துச்சே."

டீச்சர் மூட்டையைக் கீழே போட்டார். "வா, காட்டு" என்றார்.

எல்லாரும் ஓடைக்கரைக்குப் போனார்கள். வள்ளிமயில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "இது மேடம். விரலுக்கு நடுவுல தோல் இருக்கு பாருங்க. இதுவும் தோல் கால்தான், ஆனா சின்னது, உள்பக்கமாத் திரும்பியிருக்கு, அது வாத்து. இது ஒட்டகம்."

"வர்றப்போ ஒட்டகம் வெறும் வயிறு" என்றது கேளையாட்டுக் குட்டி. "போறப்போ நம்ம சாப்பாட்டைத் தின்னுட்டுப் போயிருக்கு. குழி ஆழமா இருக்கு டீச்சர்."

"மேடம் எந்தக் கால்ல நின்னு பேசினாங்கன்னுகூடச் சொல்வோம்" என்றது ஒரு கீரிப்பிள்ளை.

டீச்சர் அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். எத்தனை வருஷமாகப் பலகையில் கால் வரைய வரைய அழிந்திருக்கும்! இந்தப் பிள்ளைகளுக்கு ஏறவே ஏறாது என்று அவரே சில நாள் நினைத்ததுண்டு. சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. நான் சொல்லிக்கொடுத்து வரவில்லையே என்று ஓரத்தில் கொஞ்சம் வலிக்கவும் செய்தது. வலியை ஒதுக்கி வைத்துவிட்டு, "சிறுத்தைக் கால் எப்படியிருக்கும்?" என்று கேட்டார்.

வள்ளிமயில் ஒரு குச்சியை எடுத்து வரைந்தாள். நாலு விரல், நடுவில் அகன்ற மெத்தை, நகமே இல்லை. "பூனைச் சாதி நடக்கும்போது நகத்தை உள்ளே வச்சுக்கும் டீச்சர். பிடிக்கும்போதுதான் வெளியே எடுக்கும். எனக்கு இது மறக்காது."

டீச்சர் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

சந்தோஷம் ஒரு பக்கம் இருந்தாலும், ஒட்டகம் என்ன எழுதியிருக்குமோ என்ற பயம் இன்னொரு பக்கம் அரித்துக்கொண்டிருந்தது. டீச்சருக்கு எறும்புகூட இறங்கவில்லை. கடைசியில் ஏகாம்பரம் வந்தே விட்டார். டீச்சர் வழக்கம்போல உருண்டார்.

"எந்திரிங்க டீச்சர். காட்டுலயே முதல் பள்ளி உங்களுது."

பந்து அசையவில்லை. காது கேட்டதில்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டது.

"நிஜமாத்தான் சொல்றேன். தேறாத பிள்ளைங்க எத்தனைன்னு எண்ணினாங்களாம். பூஜ்யம். ஒரு பிள்ளைகூடத் தோக்காத பள்ளி காட்டுல உங்களுது ஒண்ணுதான். ஒட்டகம் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்துச்சாம்."

டீச்சர் தலையை வெளியே எடுத்தார். "சார், அன்னைக்குப் பள்ளியில பிள்ளையே இல்லையே!"

"அதை யாரும் கேக்கலை டீச்சர்." ஏகாம்பரம் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த தடவை வந்து பிள்ளைங்களைப் பார்த்தாங்கன்னா எண்ணிருவாங்க. எண்ணினா ஒண்ணு ரெண்டு தேறாததும் இருக்கும். பழையபடி இணைப்புப் பேச்சு வந்திரும். ஆமா, பிள்ளைங்க இப்ப எங்க?"

டீச்சரின் கண் தானாகக் காரைப் புதர் பக்கம் போயிற்று. ஏகாம்பரத்தின் கண்ணும் போயிற்று. புதருக்குள் யாரோ தும்மினார்கள்.

"எனக்குத் தெரிய வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.

அன்று டீச்சர் தன் வாழ்நாளில் எடுக்காத முடிவு ஒன்றை எடுத்தார். மணியைக் கழற்றிக்கொண்டு போய்ப் புதருக்குள் கட்டினார். பெயர்ப்பலகை, சிங்கம் வரைந்த சுவர், மின்மினிப் பலகை எல்லாம் பள்ளியிலேயே இருந்தன. அவற்றை அறக்கட்டளை பார்த்துக்கொண்டது. பாடமும் பிள்ளைகளும் புதருக்குள் போயின. கூப்பிட வரும் ஆட்களுக்கு டீச்சர் எங்கே இருக்கிறார் என்று தெரியாததால், எறும்புக் கணக்கெடுப்புக்கும் ஊர்வலத்துக்கும் அவரை அழைக்க முடியவில்லை. பணியில் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக அவர் தினமும் பாடம் நடத்தினார்.

பாடத்துக்குத் தடம் வேண்டுமே! அதற்கும் வழி கண்டுபிடித்தார். மந்தாகினி மேடத்திடம் போய், "நீங்க வந்துட்டுப் போனா எங்களுக்கு ரொம்பப் பிரயோஜனமா இருக்கு மேடம். அடிக்கடி வாங்க. புது ஆட்களா நிறையக் கூட்டிட்டு வாங்க" என்றார். மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி மனம்விட்டு அழைத்த தலைமையாசிரியரை அவர் எங்கும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு வரவு அதிகமாயிற்று. மகிழ்ச்சிக் கல்விக்கு மயில் வந்தது. சுகாதாரத்துக்கு முள்ளம்பன்றி வந்தது. எங்கோ தூர தேசத்திலிருந்து நெருப்புக்கோழி ஒன்று வந்து, ஒன்றும் பேசாமல் தலையை ஆட்டிவிட்டுப் போயிற்று. இரண்டே விரல் உள்ள அந்தக் காலைப் பார்க்கப் பிள்ளைகள் முட்டி மோதிக்கொண்டார்கள். வந்தவர்கள் காலிப் பள்ளியைப் பாராட்டிக்கொண்டிருக்கையில், பிள்ளைகள் ஓடைக்கரையில் அவர்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். யார் நொண்டுகிறார், யார் வேண்டாவெறுப்பாக வந்திருக்கிறார், யார் பாதி வழியில் திரும்பிப் போக நினைத்துத் தயங்கி நின்றார் என்பதெல்லாம் மண்ணில் இருந்தது.

பள்ளியின் புகழ் காடெங்கும் பரவியது. கடைசியாகச் சிறுத்தையின் காதுக்கும் எட்டியது. முதல் பள்ளி என்றால் பிள்ளைகள் நிறைய இருப்பார்கள், கொழுகொழுவென்று இருப்பார்கள் என்று அது கணக்குப் போட்டது. அறக்கட்டளை பள்ளியில் வெற்றி விழா நடத்திய அன்று, விருந்தாளிகளுக்குப் பின்னால் சத்தமில்லாமல் கிளம்பியது. தடம் தெரியக் கூடாது என்று ஒட்டகத்தின் குழிகளிலேயே அளந்து அளந்து கால் வைத்து வந்தது.

வள்ளிமயில் புதருக்குள் ஓடி வந்தாள். "டீச்சர், ஒட்டகத்துக்கு எத்தனை விரல்?"

"ரெண்டு."

"அப்போ அதோட குழிக்குள்ள நாலு விரல் எப்படி டீச்சர் வரும்?"

டீச்சர் போய்ப் பார்த்தார். நாலு விரல். நகமில்லை. குழியில் தண்ணீர் இன்னும் ஊறி முடியவில்லை. இப்போதுதான் போயிருக்கிறது, பள்ளிப் பக்கம் போயிருக்கிறது.

பிள்ளைகளை எண்ணிப் பார்த்தார். எல்லாரும் இருந்தார்கள். முள்ளைத் தாண்டிச் சிறுத்தை வராது. பேசாமல் உள்ளே உட்கார்ந்துவிடலாம். டீச்சரின் முதுகும் அதைத்தான் சொன்னது, வளையத் தொடங்கிவிட்டது. ஆனால் பள்ளிக்குள் விருந்தாளிகள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தடம் தெரியாது. பாவம், அவர்களில் யாரும் நாவலோடையில் படித்ததில்லை.

"யாரும் வெளியே வரக் கூடாது" என்று சொல்லிவிட்டு டீச்சர் பள்ளிக்கு ஓடினார். அலங்கு ஓடினால் எப்படியிருக்கும் என்று பிள்ளைகள் அன்றுதான் பார்த்தார்கள்.

உள்ளே மந்தாகினி மேடம் பேசிக்கொண்டிருந்தார்.

"மேடம், சிறுத்தை வந்திருக்கு!"

"கேள்வி நேரம் கடைசியில இருக்கு டீச்சர்" என்றார் மேடம்.

"டீச்சர், கொஞ்சம் நகருங்க. படத்தை மறைக்கிறீங்க" என்றது வாத்து.

அப்போது சிறுத்தை வாசலில் வந்து நின்றது. அறை முழுக்கப் பார்த்தது. சிங்கம் வரைந்த சுவர், தூங்கும் மின்மினிகள், மாலை போட்ட பெரியவர்கள். அதன் முகம் வாடிப்போயிற்று.

"பிள்ளைங்க எங்க?" என்று கேட்டது.

"அடடா, பிள்ளைங்க மேல எவ்வளவு அக்கறை! வாங்க, வாங்க" என்று மேடம் முன்னால் போனார்.

வந்ததற்கு இதாவது ஆகட்டும் என்று சிறுத்தை பாய்ந்தது. விருந்தாளிகள் அலறிக்கொண்டு சுவரில்லாத பக்கம் வழியாகத் தெறித்தார்கள். மேடத்தின் வால் இறகு சிறுத்தையின் வாயில் மாட்டிக்கொண்டது. பறந்திருக்கலாம்; நடக்க வேண்டும் என்ற கொள்கை அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்து தொலைத்தது. செங்கமலம் டீச்சர் இரண்டு பேருக்கும் நடுவில் போய் விழுந்தார். தலையை வயிற்றுக்குள் செருகினார், வாலைச் சுற்றினார். பயத்தில் அவர் எத்தனையோ முறை பந்தாகியிருக்கிறார். வேண்டுமென்றே பந்தானது அன்றுதான். சிறுத்தை இறகைத் துப்பிவிட்டுப் பந்தைக் கடித்தது. செதில் வழுக்கியது. புரட்டிப் பார்த்தது, நகத்தால் நெம்பிப் பார்த்தது, மறுபடி கடித்தது. பல்லில் ஓர் ஓரம் தெறித்து விழுந்தது. அதற்குள் மேடம் கொள்கையைக் கைவிட்டுக் கூரையில்லாத பாதி வழியாகப் பறந்துவிட்டார்.

மூலையில் ஒட்டகம் மட்டும் பயத்தில் கால் நகராமல் நின்றிருந்தது. சிறுத்தை திரும்பிப் பார்த்தது. ஒட்டகத்துக்கு வேறு எதுவும் தோன்றவில்லை; பழக்க தோஷத்தில் இலைகளைப் பரப்பி, "இன்றைய நிகழ்ச்சிக்கு எத்தனை இலை?" என்று கேட்டது.

"ஒண்ணு" என்றது சிறுத்தை, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. "பிள்ளைங்களே இல்லை." சொல்லிவிட்டு வந்த வழியே போயிற்று.

அறக்கட்டளை தன் அறிக்கையை வெளியிட்டது. ஆபத்து வேளையில் எல்லாரும் எளிதில் வெளியேறத் திறந்தவெளி வகுப்பறை உதவியதாம். பள்ளியின் வெற்றிக்கு மின்மினிப் பலகை காரணமாம். பிள்ளைகள்மேல் காட்டிய அக்கறைக்காகச் சிறுத்தையை ஆலோசனைக் குழுவில் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்களாம். டீச்சரைப் பற்றி, 'நிகழ்ச்சியின்போது தரையில் கிடந்தார்' என்று ஒரு வரி இருந்தது. ஏகாம்பரம் அதைச் சொன்னபோது டீச்சர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து ஏகாம்பரம் பார்த்ததே இல்லை.

"உங்களுக்குக் கோபம் வரலையா டீச்சர்?"

"பாடம் நடக்குது சார். அது போதும்."

அதன்பிறகு நாவலோடை முறையைக் காட்டிலுள்ள எல்லாப் பள்ளிகளுக்கும் கொண்டுபோனார்கள். எல்லாச் சுவரிலும் சிங்கம் சிரித்தது. எல்லாப் பலகையிலும் மின்மினி தூங்கியது. தேறாத பிள்ளைகள் எங்குமே இருக்கக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு வந்தது. தலைமையாசிரியர்கள் நாவலோடைக்கு வந்து சுற்றிப் பார்த்தார்கள். எப்படி இவர்களால் முடிந்தது என்பது காலிப் பள்ளியைப் பார்த்த உடனேயே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஊருக்குத் திரும்பி, தங்கள் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரே பருவத்தில் காட்டின் எல்லாப் பள்ளிகளும் முதலிடத்துக்கு வந்தன.

வீட்டுக்கு வந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு தாய்மார் என்ன செய்வார்கள்? மான் நரியிடம் சொன்னது, நரி உடும்பிடம் சொன்னது. ஒவ்வொருவராகப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு காரைப் புதரைத் தேடி வந்தார்கள். பிள்ளைகளுக்குப் பின்னால், பிள்ளை இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காத வாத்தியார்கள் சிலரும் வந்தார்கள். புதர் போதவில்லை. பக்கத்துப் புதரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

சிறுத்தைக்குத்தான் பெரிய ஏமாற்றம். ஆலோசனைக் குழுவில் சேர்ந்தால் எல்லாப் பள்ளிக்குள்ளும் நுழையலாம் என்று ஆசையாகச் சேர்ந்தது. நுழையவும் செய்தது. போகிற இடமெல்லாம் மாலை போட்டார்கள், டீ கொடுத்தார்கள். சாப்பிட ஒரு பிள்ளை இல்லை.

மழை விட்ட ஒரு காலையில் வள்ளிமயில், புதிதாகச் சேர்ந்த குட்டிகளை ஓடைக்கரைக்குக் கூட்டிப் போனாள். ஈர மண்ணில் புதுத் தடம் ஒன்று கிடந்தது.

"இது யாரு, சொல்லுங்க பார்ப்போம்."

"நாலு விரல், நகமில்லை. சிறுத்தை!" என்று குட்டிகள் கத்தின.

"எங்க போகுது?"

"கமிட்டி மீட்டிங்குக்கு!"

வள்ளிமயில் விரலை வைத்துக் குழியின் ஆழத்தை அளந்தாள். மறுபடியும் அளந்தாள். பிறகு புதர்ப் பக்கம் திரும்பி, "டீச்சர், சிறுத்தை ரொம்ப இளைச்சுப் போச்சு. தடம் பதியவே மாட்டேங்குது" என்றாள்.

"அப்படியா? பாவம்" என்று சொல்லிவிட்டுச் செங்கமலம் டீச்சர் மணியை அடித்தார். பிள்ளைகள் ஓடி வந்தார்கள்.

நீதி: பள்ளிக்கூடத்தை முன்னேற்ற வருகிறவர்களிடம் பள்ளிக்கூடத்தைத் தாராளமாகக் கொடுத்துவிடலாம், பிள்ளைகளைக் கொடுக்காமல் இருந்தால் போதும்.